வெற்றுத்தாள் சேர்த்துத் தைக்கச் சொன்ன சின்னண்ணன் ஐயா அவர்களுக்கு

தட்! தட்! தட்! மரப்படிகள் அதிர்ந்தன. ஏறி வருவது பூட்ஸ் கால்கள் என்று எவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கூட்டிக்கொண்டிருந்த செல்லாயி விளக்குமாற்றைப் போட்டுவிட்டு, "ஐயோ சாமி, போலீஸுங்க!" என்று கத்தினாள்.

பெரியீர்! பேச்சுக்குப் பேச்சு இடம் கொடுத்த பெருந்தகையீர்! செவ்வாய்ப்பேட்டைப் பொதுஜன வாசகசாலையை முப்பத்துநான்கு ஆண்டுகள் கண்ணிமை போல் காத்த காவலரே! தங்களுக்கு விடைகொடுக்கும் இம்மடலை, 'கற்றோர் போற்றும் கருணைக் கடலே' என்றுதான் தொடங்கினோம். நான்கு வரி கேட்பதற்குள் பைண்டர் மாதையன், "இது எந்த ஊட்டுக் கல்யாணப் பத்திரிகைங்க? இதுலே நம்ம ஐயா எங்கே இருக்கறாரு?" என்று கேட்டுவிட்டார். அந்தக் காகிதத்தைக் கசக்கி எறிந்தோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு ஐப்பசியில், தாங்கள் எப்படிப்பட்டவர் என்பதை நாங்கள் கண்ட அந்தக் காலைப் பொழுதிலிருந்தே தொடங்கிவிட்டோம். அன்று ஒருவர் காதில் ஒருவர் கூடச் சொல்லப் பயந்ததை, நாடு விடுதலை பெற்ற நாற்பதாம் நாளாகிய இன்று மேடை போட்டுச் சொல்லலாம். அந்த நிம்மதிக்கும் சேர்த்தே இந்த மடல்.

தங்கள் வழக்கத்தை அறியாதவர் இக்கூட்டத்தில் ஓரிருவர் இருக்கலாம். அவர்களுக்காக ஒரு வார்த்தை. கதைப் புத்தகங்கள் வந்தால் வந்தபடியே அலமாரிக்குப் போய்விடும். சமூகம், சாதி, அரசாட்சி, மனிதர் நடத்தை என்று ஆராய்கிற கனத்த புத்தகம் வந்தால் மட்டும் அது நேரே மாதையன் மேசைக்குப் போகும். முதுகைப் பிரித்து, கடைசியில் நாற்பது வெற்றுத்தாள் சேர்த்து, மறுபடி தைத்த பிறகே அது அலமாரி ஏறும். படித்தவர் தமக்குத் தோன்றியதை அந்தத் தாளில் எழுதலாம். அதை ஒப்பாதவர் எதிர்ப்பக்கத்தில் பதில் எழுதலாம். நிபந்தனைகள் இரண்டே. பெயர் போட்டு எழுத வேண்டும். பதில் எழுதுகிறவர், எதிராளி சொன்னதில் எது சரி என்பதை முதலில் ஒரு வரி எழுதிவிட்டுத்தான் மறுக்க வேண்டும். ராசிபுரத்து நெய் வியாபாரி ஒருவரும் தறிக்காரர் ஒருவரும் ஒரே புத்தகத்துக்குள் சம்பந்திச் சண்டை போலப் பதினெட்டுப் பக்கம் மோதிக்கொண்டதை ஊர் அறியும். ஒவ்வொரு அடியும் 'அண்ணார் சொன்னது மெய்தான்' என்றே விழுந்ததையும் ஊர் அறியும்!

அப்படிப்பட்ட தாள் ஒன்றுதான் அன்று நாச்சிமுத்துவின் நெஞ்சில் பாறாங்கல்லாகக் கிடந்தது. நாச்சிமுத்து, தங்கள் பக்கத்து நாற்காலிக் குமாஸ்தா. குடிகள் அரசுக்கு ஏன் கீழ்ப்படிகிறார்கள் என்று ஆராயும் தடித்த புத்தகம் ஒன்றை ஆவணியில் படித்து முடித்திருந்தார். முடித்த சூட்டோடு வெற்றுத்தாளை எடுத்து, 'கீழ்ப்படிதல் வெறும் பழக்கம். வெற்றிலை போடுவதை விடுவது போல அதையும் விட்டுவிடலாம். பட்டாளத்துக்கு ஆள் கொடுக்காதீர்கள்!' என்று இரண்டு பக்கம் எழுதி, நிபந்தனைப்படி முழுப்பெயரும் போட்டிருந்தார். அதன்பின் ஊர் ஊராகக் கைது நடந்தது. யாரோ ஒரு புண்ணியவான் வாசகசாலை மேல் மொட்டைக் கடுதாசியும் போட்டுவிட்டார். நாச்சிமுத்துவின் மனைவி வசந்தாமணி பள்ளிபாளையத்தில் தாய் வீட்டில் நிறைமாதமாக இருந்தாள். தாள் போலீஸ் கையில் சிக்கினால் இரண்டு வருஷமாவது நிச்சயம். பிறக்கிற பிள்ளை நடை பழகி, பேச்சு பழகின பிறகுதான் அப்பன் முகத்தைப் பார்க்கும்.

ஆகவே பூட்ஸ் சத்தம் கேட்டதும் நாச்சிமுத்து பாய்ந்துபோய் அந்தப் புத்தகத்தை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். அம்மிக்கல் கனம் கனக்கும் புத்தகம். ஒளிக்கிறவன் அலமாரி ஓரம் போய் நின்றிருக்கலாம். அவர் நின்றதோ அறையின் நட்ட நடுவில்.

வந்தவர் சப் இன்ஸ்பெக்டர் சண்முகவேல், ஆத்தூர்க்காரர். கூட இரண்டு கான்ஸ்டபிள்கள். அவர்களை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

"யாருய்யா இங்கே பெரியவர்? புஸ்தகத்திலே ராஜத்துரோகம் எழுதி வைக்கிறீங்களாமே?"

"வாங்க, உக்காருங்க" என்றீர்கள் தாங்கள். "ராஜத்துரோகமும் இருக்குதுங்க, ராஜபக்தியும் இருக்குதுங்க. உங்களுக்கு எது வேணுங்க?"

"கிண்டலா? குடிகள் கீழ்ப்படியறதைப் பத்தி ஒரு புஸ்தகம் இருக்காமே. எடும்."

அப்போது தாங்கள் திரும்பிச் சொன்ன வார்த்தை நாச்சிமுத்துவுக்கு இன்றும் கனவில் கேட்குமாம்.

"நாச்சிமுத்து, முதுகுக்குப் பின்னாலே வெச்சிருக்கறதை அவருகிட்டக் குடு, சாமி."

லத்தியடி பட்டிருந்தால் கூட அப்படி வலித்திருக்காது. பதினோரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவனை இப்படியா பிடித்துக் கொடுப்பது? நாச்சிமுத்து தங்கள் முகத்தைப் பார்த்தார். தாங்கள் மைக்கூட்டைத் தூசி தட்டித் திறந்துகொண்டிருந்தீர்கள். வேறு வழியின்றிப் புத்தகத்தை நீட்டினார்.

சண்முகவேல் கடைசிப் பக்கங்களைத் திறந்தார், படித்தார். கையெழுத்தைப் பார்த்தார், நாச்சிமுத்துவைப் பார்த்தார், மறுபடியும் படித்தார். இரண்டாம் முறை படிக்கும்போதுதான் அவர் முகம் சிவந்தது. அது போலீஸ்காரர் கோபமாக இல்லை.

"அதெப்படி வெறும் பழக்கம்னு சொல்லலாம்?" என்று மேசையைத் தட்டினார். "எங்க ஊர்லே ஏரித் தண்ணியை முறை வெச்சுத்தான் பாய்ச்சுவோம். ஒருத்தன் முறைக்குக் கீழ்ப்படியலேன்னா கடைமடை முழுக்கக் காஞ்சு போவும். வெத்திலையும் அதுவும் ஒண்ணாய்யா?"

"நல்ல கேள்விங்க" என்றீர்கள். "எதிர்ப்பக்கம் காலியாத்தானுங்க இருக்குது."

"நான் விசாரணைக்கு வந்திருக்கேன்யா!"

"ஆமாங்க, விசாரிங்க. ஆனா பதில் இல்லாம எடுத்துட்டுப் போனா, இவன் எழுதினதுக்கு சர்க்காருகிட்டப் பதிலே இல்லைன்னு ஆயிடுமுங்களே."

சண்முகவேல் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பேனாவை எடுத்தார்.

அரை மணி நேரம் அறையில் பேனா கீறும் சத்தம் மட்டும்தான். வாசலில் கான்ஸ்டபிள்கள் கால் மாற்றி நின்றார்கள். செல்லாயி மாதையன் பக்கம் ஒதுங்கி, "ஏனுங்கண்ணா, நம்ம குமாஸ்தாவைப் புடிக்க ஆர்டர் எழுதறாருங்களா?" என்று கிசுகிசுத்தாள்.

"இல்லெ புள்ளை. வாதாடறாரு."

"போலீஸுமா?"

"போலீஸுக்கும் வாய் இருக்குதில்ல?"

எழுதி முடித்தபோது அவர் நெற்றியெல்லாம் வியர்வை, முகமெல்லாம் வெற்றி. தாங்கள் சுவரில் மாட்டியிருந்த நிபந்தனைப் பலகையைக் காட்டினீர்கள். "முதல் வரி விட்டுப்போச்சுங்க. அவன் சொன்னதுலே எது சரிங்கறது." எழுத்து வேகத்தில் இருந்தவர் யோசிக்கவே இல்லை. மேலே விட்டிருந்த இடத்தில், 'பட்டாளத்துக்கு ஆள் பிடிப்பதில் கொடுமை நடக்கிறது என்பது மெய்தான். நானே கண்டிருக்கிறேன்' என்று எழுதி, அடியில் பெயரும் உத்தியோகமும் போட்டார். தாங்கள் மையொற்றுத் தாளை வைத்து ஒற்றி, புத்தகத்தை மரியாதையாக அவர் பக்கம் தள்ளினீர்கள்.

"இப்ப எடுத்துட்டுப் போங்க. மேலதிகாரிங்க ரெண்டு பக்கமும் படிச்சுப் பார்க்கட்டும்."

அப்போதுதான் அவர் தம் முதல் வரியைப் படித்தார். சிவந்திருந்த முகம் வெளுத்தது. சரேலென்று அந்தத் தாளைப் பிடித்து இழுத்தார். மாதையன் தையல் இலேசில் விடுமா? தாங்கள் எதிரும் புதிருமாக எழுத வைக்கும் பக்கங்கள் நூல் ஓடும் நடுமடிப்பில் இருந்தன. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே தாள். அவர் பலம் கொண்டு இழுத்ததில் நூலை அறுத்துக்கொண்டு தாள் முழுசாகக் கையோடு வந்தது. ஒரு பாதியில் நாச்சிமுத்து, மறு பாதியில் சண்முகவேல்.

இடுப்பிலிருந்து பேனாக்கத்தியை எடுத்தார். தம் பாதியை வெட்டி எறிந்துவிட்டு நாச்சிமுத்துவின் பாதியைக் கொண்டுபோகத்தான் பார்த்தார்.

அப்போது மாதையன் வாய் திறந்தார். "வெட்டறது வெட்டுங்க. ஆனா மடிப்புலே வெட்டின தாளுன்னு எந்தப் பைண்டரும் சொல்லிப்போடுவானுங்க. மீதிப் பாதி எங்கேன்னு கோர்ட்டுலே கேப்பாங்க."

சண்முகவேல் எங்கள் நால்வரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு தாளை நான்காக மடித்து, சட்டைப்பைக்குள் திணித்து, தொப்பியை மாட்டிக்கொண்டார். வாசலைப் பார்த்து, "ஆட்சேபகரமா ஒண்ணும் இல்லைய்யா, இறங்குங்க!" என்று அதட்டினார். இரண்டு படி இறங்கியவர் திரும்பி நாச்சிமுத்துவிடம், "ஆனா அந்தத் தண்ணி முறை விஷயம், யோசிச்சுப் பாரு" என்றார். பூட்ஸ் சத்தம் தேய்ந்து மறைந்தது.

பிறகு செல்லாயி சிரித்தாள். அவளைப் பார்த்து மாதையன் சிரித்தார். நாச்சிமுத்து தரையில் அப்படியே உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார். ஒன்பதாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த மூன்றாம் நாள் அப்பன் கையில் ஏறியது. அதோ, முன்வரிசையில் தங்கள் சால்வையின் ஓரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிற சென்னியம்மாள்தான் அது.

ஐயா! அன்று தாங்கள் செய்தது சூழ்ச்சியா, நிபந்தனையை விடாத பிடிவாதமா என்று ஐந்து வருஷமாக எங்களுக்குள் வழக்கு. சூழ்ச்சிதான் என்பது மாதையன் கட்சி. செல்லாயியோ, "ஐயாவுக்குச் சூதுவாது தெரியாதுங்க, சாமியே வந்திருந்தாலும் பேனாவைத்தான் நீட்டியிருப்பாரு" என்கிறாள். தங்களைக் கேட்டால் தாங்கள் சொல்லப்போவதில்லை. கேட்கவும் மாட்டோம். மனிதர் நடத்தையை ஆராயும் முந்நூற்றுச் சொச்சம் புத்தகங்களைத் தூசி தட்டியிருக்கிறோம். எதிர்ப்பேச்சைக் கண்டால் எந்த மனிதனாலும் சும்மா போக முடியாது என்பதை அவை எல்லாம் சேர்ந்தும் எங்களுக்கு இப்படிக் கற்றுத்தரவில்லை!

தங்கள் கண்ணாடிக்கு இனி கனம் கூடாதிருக்கட்டும். தங்கள் முழங்கால் இந்த மரப்படிகளை மாதம் ஒரு முறையாவது ஏறும் வலுவோடு இருக்கட்டும். உறக்கமும் உணவும் குறையாமல், உரக்கப் பேச ஓர் எதிராளி எந்நாளும் பக்கத்தில் இருக்க, தாங்கள் நூறு வயது காண வேண்டும் என்று, இவ்வாசகசாலை ஊழியர்களாகிய நாச்சிமுத்து, மாதையன், செல்லாயி ஆகிய நாங்கள் எங்கள் பெயர் போட்டே எழுதிக் கையொப்பமிடுகிறோம். பெயர் போடாத வாழ்த்தைத் தாங்கள் ஏற்கமாட்டீர்கள் என்பது தெரியும்.

ஒன்று மட்டும் பாக்கி. இதை மடலில் சேர்க்கவேண்டும் என்று அடம்பிடித்தவரே நாச்சிமுத்துதான். அன்று சிரித்து ஓய்ந்ததும் அவர் எழுந்துவந்து தங்கள் கைகளைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, நீங்களும் நம்ம கட்சிதான்னு எனக்கு இன்னிக்குத்தானுங்க தெரிஞ்சுது" என்றார். தாங்கள் கையை விடுவித்துக்கொண்டு, மேசை இழுப்பறையைத் திறந்து, தங்கள் கையெழுத்தில் நெருக்கி எழுதிய ஆறு பக்கங்களை எடுத்து வைத்தீர்கள்.

"உன்ற கட்சியா? ஒரு வரி தவிர நீ எழுதினது அத்தனையும் தப்புன்னு இங்கே பதில் எழுதி வெச்சிருக்கறேன், சாமி. இப்ப எதிரே ஒட்டறதுக்கு உன்ற தாளே இல்லாமப் போச்சு. உக்காந்து மறுபடியும் எழுது!"