சும்மா இருக்கும் போட்டியின் இறுதிச் சுற்று

தலைமை நாற்காலியையும் எங்கள் நெஞ்சங்களையும் ஒருசேர நிறைத்திருக்கும் தாளாளர் அவர்களே, அறிவில் மூத்த, பொறுமையில் அதனினும் மூத்த ஆசிரியப் பெருமக்களே, ஒரு தோளில் கீபோர்டு பையும் மறு தோளில் நீச்சல் பையும் தொங்க, அடுத்த வகுப்புக்கு நேரமாகிறதே என்று கைக்கடிகாரம் பார்த்திருக்கும் தாய்மார்களே, தந்தைமார்களே, உங்கள் உடற்பயிற்சி ஆசிரியனின் பணிவான வணக்கம்.

எனக்குப் பின்னால் ஆடாமல் அசையாமல் அமர்ந்திருக்கும் இருவரும் சிலைகள் அல்லர். ஆறாம் வகுப்புச் சிறுமியும் நான்காம் வகுப்புச் சிறுவனும். ‘சும்மா இருத்தல்’ போட்டியின் இறுதிச் சுற்று நடந்துகொண்டிருக்கிறது. முதலில் எழுபவர் தோற்றவர்.

எப்படி வந்தது இந்தப் போட்டி? பள்ளி விட்டால் சதுரங்கம், சதுரங்கம் முடிந்தால் ஓவியம், ஓவியம் முடிந்தால் கராத்தே, கராத்தே முடிந்தால் கையெழுத்து. பிள்ளைகளா அவர்கள், பம்பரங்களா? வாரத்தில் ஒரு மணி நேரமாவது அவர்களைச் சும்மா விட்டுவிடுங்கள் என்று கேட்டேன். தாளாளர் தாராளமாகத் தந்தார். ஆனால் கால அட்டவணையில் எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாதாம். எழுத்தர் அதில் ‘சும்மா இருத்தல்’ என்று எழுதிவிட்டார்.

எழுதியது பாடமாயிற்று. பாடம் என்றால் நாம் விடுவோமா? “இதுல எத்தனை லெவல் சார்?” என்றார் ஒரு தாய். “பச்சை பெல்ட் எப்ப குடுப்பீங்க?” என்றார் இன்னொரு தாய். பள்ளி வாசலுக்கு எதிரிலேயே ஒரு புண்ணியவான் டியூஷன் தொடங்கினார். டியூஷன் வந்த பிறகு போட்டி வராமல் இருக்குமா? கோப்பையோடு வந்தது. ஒரு தந்தை என் கையைப் பிடித்துக் கண் கலங்கினார்: “வீட்ல நல்லா சும்மா இருக்கான் சார். நாலு பேர் முன்னாடிதான் பதறிடறான்.”

சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். மூன்றாம் வரிசையில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர்தான் அந்தத் தந்தை.

ஆனால் நேற்று நடந்ததைக் கேளுங்கள். மைதானத்தில் ஒரு பந்து உருண்டு வந்து இந்தச் சிறுமியின் காலடியில் நின்றது. அவள் உதைக்கவில்லை. “ஏம்மா, ஒரு உதை விட்டா என்ன?” என்றேன். “நாளைக்கு ஃபைனல் சார். காலு ஆடப் பழகிடும்” என்றாள்.

என் நெஞ்சு உடைந்துபோயிற்று ஐயா. வேலை வரும், வீடு வரும், வழுக்கையும் வரும். பந்தை உதைக்கிற வயது திரும்பி வருமா? வாங்கித் தர முடியுமா? வகுப்பில் சேர்த்துவிட முடியுமா? தாளாளர் அவர்களே, அந்த ஒரு மணி நேரத்தைப் பிள்ளைகளுக்குத் திருப்பித் தாருங்கள். அந்தக் கட்டத்தில் ஒன்றுமே எழுத வேண்டாம்.

என்ன சத்தம் அங்கே? ஓ, சிறுவனுக்கு மூக்கு அரிக்கிறது. சொறியாமல் சுளிக்கிறான். அதைப் பார்த்துச் சிறுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இப்போது அவனுக்கும். இருவரும் ஒன்றாகவே நாற்காலியை விட்டுக் குதித்துவிட்டார்கள். “ஏறி உட்காருடி” என்று கத்தாதீர்கள் அம்மா, அவள் மைதானத்துக்கே போய்விட்டாள்.

தாளாளரும் சிரித்துவிட்டார். அதையே அவருடைய ஒப்புதலாக எடுத்துக்கொள்கிறேன்.

கோப்பை இங்கேயே இருக்கிறது. நாற்காலிகளும் காலி. கோப்பை கட்டாயம் வேண்டும் என்கிற பெற்றோர் மேலே வந்து அமரலாம், அதே விதிகள்தாம். மைதானத்திலிருந்து பிள்ளைகள் என்னைக் கோல் கீப்பராக நிற்கக் கூப்பிடுகிறார்கள். இவ்வளவு நேரம் காது கொடுத்தவர்களுக்கு நன்றி, வரட்டுமா, வணக்கம்.