கரவெட்டியில் ஒரு கை

ரேச்சல்: ...அப்ப ஏனம்மா இந்தப் பாலத்தடிக்கு வந்தனாங்கள்? முல்லைத்தீவிலை அடுத்த கூட்டத்துக்குப் போறதெண்டால் கரவெட்டியிலையிருந்து கொடிகாமம் பக்கமெல்லோ போகவேணும்.

நவமணி: அப்பாக்குத் தெரியாத ரோட்டோ? நீ பிறக்க முன்னமே உந்த வானை ஓட்டின மனுசன்.

ரேச்சல்: வானுக்கு ரோட்டுத் தெரியும். இண்டைக்கு அப்பாக்குத்தான் மறந்துபோச்சுப் போல.

நவமணி: எஞ்சின் சூடேறிப்போச்சு எண்டு நிப்பாட்டினவர். தண்ணி எடுத்துக்கொண்டு வருவார். நீ அந்தப் பக்கக் கதவைத் திற, காத்து வரட்டும்.

ரேச்சல்: திறந்தால் கீபோட் விழும்.

நவமணி: பாயை அங்காலை தள்ளு.

ரேச்சல்: பாயைத் தள்ளினால் ஸ்பீக்கர் சரியும். ஸ்பீக்கரைத் தள்ளினால் என்ரை புத்தகப் பெட்டி. எங்கடை வீட்டிலை எதைத் தள்ளினாலும் இன்னொண்டு விழுது.

நவமணி: இது வீடில்லை பிள்ளை, வான்.

ரேச்சல்: அப்ப வீடு எங்கையம்மா?

நவமணி: ...அந்தத் தண்ணிப் போத்தலை எடு.

ரேச்சல்: இந்தாங்கோ. ...அங்கை பாருங்கோ, சந்நிதி கோயில் வாசலிலை. ஒரு நோட்டீசும் குடுக்கேல்லை, ஒருத்தரும் மைக்கிலை கூப்பிடேல்லை. எவ்வளவு சனம். எங்கடை ஜெபக் கூட்டத்துக்கு நேற்று நாலு பேர்.

நவமணி: அவையின்ரை கோயிலைப் பாத்து எரியாதை.

ரேச்சல்: எரியேல்லை, சும்மா பாத்தன். நாலு பேரிலையும் ஞானாம்பிகை அக்கா பாட்டுக் கேக்க வந்தவ. அவவின்ரை மனுசன் கதிரை தன்ரை எண்டபடியால் இருந்தவர்.

நவமணி: சிரிக்கப் பண்ணாதை. அவ சைவக்காரி. எண்டாலும் தன்ரை முத்தத்தைக் கூட்டி, லைற் போட்டுத் தந்தவ. காலமை புட்டும் கட்டித் தந்தவ.

ரேச்சல்: நல்ல மனுசி தான். "தங்கச்சி, உமக்கு எந்த ஊர்?" எண்டு கேட்டவ. நான் கரவெட்டி எண்டு சொல்லிப்போட்டன்.

நவமணி: கரவெட்டியோ? ஏன்?

ரேச்சல்: அங்கை தானே நிண்டன்.

நவமணி: அதுக்கு அவ என்ன சொன்னவ?

ரேச்சல்: அவ சிரிச்சா. நானும் சிரிச்சன்.

நவமணி: இணுவில்காரர் இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ளை பதில் கேட்டவை.

ரேச்சல்: தெரியும். நீங்கள் ஃபோனிலை கதைச்சது எனக்குக் கேட்டது. அங்கத்தைச் சபைக்குப் பாஸ்டர் இல்லை, அப்பா ஓமெண்டால் வீடும் தருவினம். கிணறு உள்ள வீடு.

நவமணி: ஒட்டுக்கேட்டனியோ?

ரேச்சல்: வானுக்கை என்னெண்டு ஒட்டுக்கேக்கிறது? உங்கடை வாய் என்ரை காதுக்குப் பக்கத்திலை. ...திங்கட்கிழமை ஏ.எல். வகுப்புத் தொடங்குது அம்மா. இணுவிலிலை இருந்தமெண்டால் முதல்நாளிலையிருந்து கடைசிநாள் மட்டும் ஒரே வாங்கிலை இருக்கலாம். சாவகச்சேரிப் பள்ளிக்கூடத்திலை தர்சிகா எண்டு ஒரு பிள்ளை தன்ரை சாப்பாட்டிலை எனக்குப் பாதி தந்தவள். அடுத்தநாள் நான் குடுக்கிறன் எண்டு சொன்னனான். அடுத்தநாள் நாங்கள் மன்னாரிலை.

நவமணி: எனக்கு நீ சொல்லேல்லையே.

ரேச்சல்: சொன்னால் என்ன செய்யிறது? சாப்பாட்டைத் தபாலிலை அனுப்பிறதோ?

நவமணி: நான் பிறந்த வீடு மெதடிஸ்த வீடு, தெரியுமெல்லோ. கோயிலிலை எங்கடை குடும்பத்துக்கெண்டு ஒரு வாங்கு. ஒரு கிழமை நாங்கள் போகேல்லை எண்டால் ஆரோ வீட்டை வந்து விசாரிப்பினம். அப்ப எனக்கு அது கரைச்சலா இருந்தது. ...சரி விடு. நேற்றுக் கூட்டத்துக்கு வெளிக்கிடேக்கை அப்பா சொன்னது உனக்கு ஞாபகம் தானே?

ரேச்சல்: "ஒரு கை எழும்பினாலும் ஊழியம் நிக்கக் கூடாது. ஒருத்தரும் தூக்கேல்லை எண்டால், கர்த்தர் போதும் எண்டிட்டார். இணுவிலுக்குப் போவம்."

நவமணி: அப்பிடியே அவரைப்போலை கதைக்கிறாய்.

ரேச்சல்: எத்தினை ஊரிலை கேட்டிருப்பன். அவரின்ரை பகிடிக்கெல்லாம் முதல் சிரிக்கிறதே நான் தான். நான் சிரிக்காட்டில் சனத்துக்கு அது பகிடி எண்டு விளங்காது.

நவமணி: பாவம், விடு.

ரேச்சல்: நேற்றும் கடைசியிலை எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னவர். களைச்சுப்போன ஆக்கள் ஆரும் இருந்தால் கையை உயர்த்துங்கோ, நான் உங்களுக்காக ஜெபிக்கிறன் எண்டவர். பிறகு கனநேரம் ஒரு சத்தமும் இல்லை. கடைசியா மெல்லமா, "ஒரு கை தெரியுது" எண்டார்.

நவமணி: ஓம்.

ரேச்சல்: ஆற்றை கை அம்மா?

நவமணி: கண்ணை மூடிக்கொண்டிருந்த எனக்கு என்னெண்டு தெரியும்?

ரேச்சல்: ...உங்கடையோ?

நவமணி: என்ன விசர்க்கதை? நான் ஏன் தூக்கிறன்?

ரேச்சல்: ஏனெண்டால் நான் தூக்கிறனான்.

நவமணி: என்ன சொன்னனி?

ரேச்சல்: கிளிநொச்சியிலை மழைக்கை ஒரு கூட்டம் வைச்சமே... அண்டைக்கு ஒருத்தரும் கை தூக்கேல்லை. அப்பா சாப்பிடாமல் வந்து வானிலை முன்சீற்றிலை இருந்தவர். ஞாபகமோ?

நவமணி: மறப்பனோ? விடியுமட்டும் அதிலை தான் இருந்தவர்.

ரேச்சல்: அடுத்த ஊரிலை நான் பின்னாலை, சவுண்ட் மிக்சரடியிலை, இருட்டுக்கை இருந்து கையைத் தூக்கினன். "ஒரு கை தெரியுது, ஆமென்" எண்டார். அண்டைக்கு ரெண்டாந்தரமும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர். பிறகு என்னாலை விட ஏலாமல் போச்சு.

நவமணி: எல்லா ஊரிலையுமோ?

ரேச்சல்: ஒருத்தரும் தூக்கமாட்டினம் போலத் தெரிஞ்சால்... ஓம். கிட்டத்தட்ட எல்லா ஊரிலையும். ...அம்மா, அழாதேங்கோ. ...சிரிக்கிறியளோ?

நவமணி: எனக்கே தெரியேல்லை. ...பிள்ளை, கடைசிப் பாட்டுக்கு நான் வாசிக்கேக்கை உனக்கு ஒரு வித்தியாசமும் தெரியேல்லையோ?

ரேச்சல்: அந்த நேரம் பாத்துக் கீபோட்டிலை பாதிச் சத்தம் வராது. வயர் லூசாக்கும் எண்டு நான் எத்தினை தரம் கழட்டிப் பூட்டினனான்.

நவமணி: வயரிலை ஒண்டுமில்லை. ஒரு கையாலை வாசிச்சனான்.

ரேச்சல்: ...மற்றக் கை?

நவமணி: மற்றது மேலை.

ரேச்சல்: அம்மா...

நவமணி: எனக்கும் கிளிநொச்சி தான். அந்த முன்சீற் தான்.

ரேச்சல்: அப்ப, "ரெண்டு கை தெரியுது" எண்டு அப்பா சந்தோசமாச் சொன்ன நாளெல்லாம்...

நவமணி: நீயும் நானும்.

ரேச்சல்: நான் அந்த மற்ற ஆளைத் தேடுறனான் அம்மா. கூட்டம் முடிய ஒவ்வொருத்தற்றை முகமாப் பாப்பன். எனக்கு ஒரு ஆள் கிடைச்சிட்டுது, ஆரெண்டு தெரிஞ்சால் போய்க் கதைக்கலாம் எண்டு...

நவமணி: நானும் தான் தேடினனான். ஒரு மனுசரும் வந்து கதைக்காமல் போகினமே எண்டு கவலைப்பட்டனான். நேற்று நீ தூக்கினனியோ?

ரேச்சல்: நேற்று நான் தூக்கேல்லை. கையைத் தொடைக்குக் கீழை வைச்சு அமத்திக்கொண்டிருந்தன். எனக்கு இணுவிலுக்குப் போகவேணும் அம்மா.

நவமணி: நானும் ரெண்டு கையாலையும் வாசிச்சன்.

ரேச்சல்: ஓம்... நேற்று வயர் நல்லா வேலை செய்தது.

நவமணி: எனக்கும் ஒரு கதவைப் பூட்டிப்போட்டுப் படுக்க ஆசை, பிள்ளை. ஆற்றையோ விறாந்தையிலை, ஆற்றையோ கலியாணப் படத்துக்குக் கீழை படுத்துப் படுத்து... விடிய எழும்பினால் கிணறு எந்தப் பக்கம் எண்டு யோசிக்கவேணும். சிரிச்சுக்கொண்டு யோசிக்கவேணும், வீட்டுக்காரர் பாப்பினம் எண்டு.

ரேச்சல்: எனக்காவது சொல்லியிருக்கலாம்.

நவமணி: நீ எனக்குச் சொன்னனியோ?

ரேச்சல்: ...அப்ப நேற்று எழும்பினது உண்மையான கை. நாங்கள் ஏமாத்தாத ஒரே ஒரு நாளிலை ஆரோ உண்மையாத் தூக்கியிருக்கினம். இனி அப்பாட்டை என்ன வாயாலை நிப்பாட்டச் சொல்லுறது?

நவமணி: ஞானாம்பிகை கடிக்க வந்த நுளம்பைச் சீலைத் தலைப்பாலை கலைச்சுக்கொண்டிருந்தவ. அதைக் கையெண்டு நினைச்சிட்டாரோ?

ரேச்சல்: ஒரு நுளம்பாலை நாங்கள் முல்லைத்தீவுக்குப் போறமோ?

நவமணி: மெல்லக் கதை. அங்கை வாறார். ஒண்டும் கேட்டுப்போடாதை.

ஜெபரட்ணம்: எஞ்சின் ஆறிட்டுதோ? ...கோயில் மடத்திலை தண்ணி கேட்டன். தண்ணிக் கானை நிரப்பித் தந்துபோட்டு, பந்தி போடப்போறம், இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ எண்டவை.

நவமணி: நீங்கள் ஆரெண்டு சொன்னனீங்களோ?

ஜெபரட்ணம்: அவை கேக்கேல்லை. ...பிள்ளை, வந்து அந்த ரேடியேற்றர் மூடியைப் பிடி. சுடும், துணியாலை பிடி.

ரேச்சல்: அப்பா, நேற்று ஆற்றை கை?

நவமணி: ரேச்சல்...

ஜெபரட்ணம்: எந்தக் கை?

ரேச்சல்: நீங்கள் தெரியுது எண்டு சொன்ன கை. அது என்ரை இல்லை. அம்மான்ரையும் இல்லை. முந்தித் தூக்கினதெல்லாம் நாங்கள் தான் அப்பா. எங்களை மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

ஜெபரட்ணம்: தெரியும்.

ரேச்சல்: என்ன தெரியும்?

ஜெபரட்ணம்: கண்ணை மூடச் சொல்லுறது உங்களுக்குத் தானே. நானும் மூடினால் கையை ஆர் பாக்கிறது? உன்ரை காப்பு மிக்சர் லைற்றுக்கு மின்னும். கொம்மா ஒரு கையாலை வாசிச்சால் பாட்டு நொண்டும்.

நவமணி: தெரிஞ்சுகொண்டோ இவ்வளவு காலமும்...

ஜெபரட்ணம்: நீங்கள் ரெண்டு பேரும் விடமாட்டியள் எண்டு நினைச்சன், நவம். ஒவ்வொரு கூட்டத்திலையும் இண்டையோடை போதும் எண்டு யோசிச்சுக்கொண்டு தான் எழும்புவன். அப்ப பாத்து இந்தப் பிள்ளை இருட்டுக்கை இருந்து கையைத் தூக்கும். நீரும் தூக்குவீர். உங்களுக்கு இவ்வளவு விசுவாசம் இருக்கேக்கை நான் என்னெண்டு நிப்பாட்டுறது?

ரேச்சல்: நீங்கள் சாப்பிடவேணும் எண்டு தானப்பா நான் தூக்கினனான்.

ஜெபரட்ணம்: ...அதுக்கோ?

ரேச்சல்: அதுக்குத்தான்.

நவமணி: தண்ணி வழியுது, பாத்து ஊத்துங்கோ. ...இஞ்சருங்கோ. நாங்கள் நேற்றுத் தூக்கேல்லை எண்டும் பாத்திருப்பியள். அப்ப அந்த நாலு பேரிலை ஆரோ?

ஜெபரட்ணம்: அவையும் தூக்கேல்லை.

ரேச்சல்: பிறகேன் முல்லைத்தீவுக்குப் போறம்?

ஜெபரட்ணம்: ஆர் முல்லைத்தீவுக்குப் போறது? இந்தப் பாலத்தைத் தாண்டினால் அச்சுவேலி. அங்காலை இணுவில். பின்னேரத்துக்கு முன்னம் போய்ச் சேந்திடலாம். காலமை அவையோடை கதைச்சிட்டன். உங்களுக்கு என்னெண்டு சொல்லுறதெண்டு தான் தெரியாமல் ஓட்டிக்கொண்டு வந்தன்.

ரேச்சல்: அப்ப கூட்டத்திலை நிண்டு பொய்யோ சொன்னனீங்கள் அப்பா?

ஜெபரட்ணம்: இல்லை பிள்ளை, பொய் சொல்லேல்லை. களைச்சுப்போன ஆக்கள் இருந்தால் கையை உயர்த்துங்கோ எண்டு கேட்டனான். உங்கடை கையள் எழும்புதோ எண்டு கனநேரம் பாத்துக்கொண்டு நிண்டன். எழும்பேல்லை. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு தானே இருந்தியள்... நான் என்ரை கையைத் தூக்கினனான்.