மூக்குத் தேய்ந்த ராஜா

நாணயவியல் உலகுக்கும், வருங்காலத் தலைமுறைக்கும், முக்கியமாக என் அண்ணிக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால், சின்ன வயதில் எனக்கு எலுமிச்சை மிட்டாய் என்றால் உயிர்.

அப்பாவுக்கு சைக்கிள் ரிப்பேர் கடை. மாலையில் வந்ததும் சட்டைப்பைச் சில்லறையை மேசைமேல் கொட்டுவார். அண்ணன் பூதக்கண்ணாடியோடு காத்திருப்பான். பழைய காசு அகப்பட்டால் தன் மண் உண்டியலில் போட்டுவிடுவான். பெரிய ஆளான பிறகு ஊரறிய உடைப்பானாம். ஒருநாள் ஒரு பழைய காசில் மூக்குத் தேய்ந்த ராஜா ஒருவர் வந்து சேர்ந்தார். அன்று சந்தோஷத்தில் அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. நானும் எட்டிப் பார்த்தேன்.

"இதுல உனக்கு என்னடா தெரியும்? நீ மிட்டாய்க்குப் பொறந்தவன்."

நான் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் கத்தி முனையால் ராஜாவை வெளியே நெம்பி எடுத்து, பதிலுக்கு அப்பா கடை வாஷர் ஒன்றை உள்ளே போட்டேன். நான் நியாயம் பார்ப்பவன். தெருமுனைக் கடைக்காரருக்குக் கண் மங்கல். காசின் அளவைத் தடவிப் பார்த்து மிட்டாயைக் கொடுத்துவிடுவார். அப்பா தீப்பெட்டி வாங்குவதும் அங்கேதான். இரண்டே நாளில், கோபித்துக்கொண்டு போன மாப்பிள்ளை மாதிரி, ராஜா தானாகவே எங்கள் மேசைக்குத் திரும்பினார்.

இன்னொன்று கிடைத்துவிட்டது என்று அண்ணன் துள்ளினான்.

அப்புறம் பழகிவிட்டது. அவன் போடுவான், நான் எடுப்பேன், கடைக்காரர் தடவுவார், அப்பா கொண்டுவருவார். அதே வழியில் நான் எடுத்த மற்ற பழைய காசுகள் போன திசை தெரியவில்லை. ஒவ்வொரு ராஜாவுக்கும் மூக்கு ஒரே இடத்தில் தேய்ந்திருந்ததை அண்ணன் கவனிக்காமலில்லை. அச்சே அப்படித்தான் என்று முடிவுகட்டினான். இத்தனை காசு ஒரே தெருவில் புழங்குகிறதென்றால் அந்த ராஜாவின் நாணயச்சாலையே இங்கேதான் இருந்திருக்க வேண்டும் என்று பின்னாளில் புத்தகம் எழுதி, நாணயச் சங்கத்துக்குத் தலைவருமானான். மெய்ப்புப் பார்த்தது நான்தான். எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தினேன்.

ஓய்வுபெற்றபோது வந்த பணம் மொத்தத்தையும் போட்டு இப்போது ஒரு காட்சிக்கூடம் கட்டியிருக்கிறான். அண்ணியின் வளையல்களும் கண்ணாடிப் பெட்டிகளாகிவிட்டன. நாளைக்குத் திறப்பு விழா. மேடையில் உண்டியல் உடைபடும்.

நேற்று சமையலறையில் அண்ணி குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தம்பி, உள்ள நெஜமாவே இருக்கும்ல?"

"குலுக்கிப் பாருங்க அண்ணி."

குலுக்கினார். நல்ல கனமான சத்தம். கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார்.

இதில் என் தவறு என்னவென்று எனக்கு விளங்கவில்லை. மற்றவர்களுக்கு ஒரு காசு ஒருமுறைதான் கிடைக்கும். அண்ணனுக்கு அந்தச் சந்தோஷத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்திருக்கிறேன். நன்றி எதிர்பார்த்ததில்லை. ஆனாலும் நாளைக்குச் சுத்தியலை என் கையில்தான் தரப்போகிறானாம். கூடப் பிறந்த பாசம்.

உள்ளே இருப்பவை வாஷர்கள். ராஜா என் சட்டைப்பையில் இருக்கிறார்.