புலிக்கு வால் தப்பு

தசரா சமயம். திருநெல்வேலியிலிருந்து குலசேகரன்பட்டினம் போகிற பஸ்ஸில், என் முன்சீட்டில் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு புலிவேசம் போட்ட ஒருவர். புலித்தலை மேலே பைகளோடு கிடந்தது. வால் மடியில். எதிர்சீட்டுப் பெண் அந்த வாலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணாச்சி, உங்க வால் தப்பு."

"என்னம்மா சொல்லுத?"

"உடம்பெல்லாம் வரி, வாலுல மட்டும் புள்ளி. அப்படி ஒரு மிருகம் வராது. நான் இந்தக் கணக்குலதான் ஆராய்ச்சி பண்ணுதேன்."

"புலித்தோலுக்கும் கணக்கா?"

"ஆமா. கருவுலயே தோல்ல ரெண்டு பொருள் பரவும். ஒண்ணு நிறத்தைக் கூட்டும், இன்னொண்ணு தடுக்கும். அகலமான உடம்புல வரியும் வரலாம், புள்ளியும் வரலாம். உடம்புலயே வரின்னா, ஒடுக்கமான வாலுல புள்ளிக்கு இடமே கிடையாது. வளையம்தான் வரும்."

"வரித்துணி பத்தல. வாலுக்கு எம் பொண்டாட்டி நைட்டியக் கிழிச்சேன். அதுல புள்ளிதான் இருந்துச்சு."

"எங்க கணக்குல நைட்டி கிடையாது அண்ணாச்சி."

"நேர்ச்சை செல்லுமா செல்லாதா, அதைச் சொல்லு."

"அது அம்மனுக்குத்தான் தெரியும். எதுக்கு நேர்ந்திய?"

"எம் மவ பன்னெண்டாப்பு. கணக்குல பாஸாவணும்னு."

திருச்செந்தூர் தாண்டியதும் அவர் வாலைச் சுருட்டி அடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, கோயில் இருக்கிற திசைக்குக் கையெடுத்தார்.

"தாயே, வெறும் பாஸ் போதும். அதுக்கு மேல கணக்கு தலைக்கேறாம நீதான் பாத்துக்கணும்."