அண்ணனுக்கு அக்கா

இன்பமணி (மனதுக்குள்): ஒரு பந்தால இந்தப் பேச்சு வீட்டுக்குள்ள வரும்னு தெரிஞ்சிருந்தா, அவன் கால்ல பூட்ஸ் மாட்டவே விட்டிருக்க மாட்டேன். வாயத் திறக்கக் கூடாது. அவரே பேசி முடிக்கட்டும்.

எலியேசர்: ஏம்மா இன்பமணி, கேக்கியா? கிளப் செகரட்டரி வீடு தேடி வந்திருக்கேன், நீ சுவரப் பாத்துக்கிட்டு இருக்க.

இன்பமணி: கேக்கேன் அண்ணாச்சி.

எலியேசர்: ஒன் மவன் பெனோவ மெட்ராஸ் புட்பால் கேம்ப்ல ஆட விடாம ஒக்கார வச்சுட்டாவ. பேட்டை கிளப்காரனுவ மனு போட்டிருக்கானுவ.

ரீபா: எதுக்கு பெரியப்பா? அவனுவளுக்கு மூணு கோல் போட்டானே, அதுக்கா?

எலியேசர்: வயசுக்கு. பதினாறுக்குள்ள இருக்கணும்லா... எழுபத்தாறுல பொறந்தவன நான்தான் சர்டிபிகேட்ல எழுபத்தெட்டு ஆக்கினேன்.

இன்பமணி: எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே.

எலியேசர்: எல்லா கிளப்பும் செய்யுததுதான். நம்ம அருமைநாயகம் இருந்தானே, வெறுங்கால்லயே மூணு பேரத் தாண்டிட்டுப் போவான். இன்னைக்கு முக்கூடல்ல பீடி மூட்ட தூக்குதான். நம்ம பாளை விடிவெள்ளி கிளப்ல இருந்து ஒரு பய திருச்சி தாண்டுனதில்ல. பெனோதான் மொத ஆளு. அதான்...

ரீபா: சரி, அதுக்கு இங்கன வந்து எங்கம்மாவ எதுக்கு வைதுக்கிட்டு இருக்கிய?

எலியேசர்: ஒன்னாலதான் பிள்ள வந்தேன்.

ரீபா: என்னாலயா? நான் பந்தத் தொட்டதே இல்ல.

எலியேசர்: ஒன் ஸ்கூல் சர்டிபிகேட்ட எப்படியோ எடுத்துட்டானுவ. ரெண்டு பேரோடதையும் மேசையில வச்சுக் கேக்காவளாம்... அப்பன் ஒண்ணு, அம்மா ஒண்ணு, தங்கச்சி பொறந்த நாலாம் மாசம் அண்ணன் எப்படிய்யா பொறந்தான்னு.

ரீபா: அப்போ நான் அவனுக்கு அக்கா. வரட்டும். அக்கான்னு கூப்பிட்டாத்தான் சோறு.

எலியேசர்: சிரிக்காத. சனிக்கிழமைக்குள்ள பதில் போகலன்னா வீட்டுக்கு அனுப்பிருவாவ. பெறவு எந்த கிளப்பும் சேக்காது. விளையாட்டுக் கோட்டாவுல பாத்து வச்சிருக்க வேலையும் போச்சு.

இன்பமணி: என்ன பதில் போவணும்?

எலியேசர்: ஒரு வரிதான், எழுதியே கொண்டாந்துட்டேன். ரீபா என் வயித்துப் பிள்ள இல்ல, எடுத்து வளத்ததுன்னு... கீழ நீ ஒரு கையெழுத்து.

ரீபா: எம்மா, மூஞ்சி ஏன் இப்படிப் போவுது? பேப்பர்லதான. பெனோ சின்னதுல இருந்து அதத்தான சொல்லுதான், ஒன்னத் தவுட்டுக்கு வாங்குனதுன்னு.

எலியேசர்: எல்லா வீட்லயும் சொல்லுததுதான்.

ரீபா: எங்க வீட்ல மட்டும் அதுக்கு அடி விழும் பெரியப்பா. ஒரு நா எங்கம்மா கரண்டியக் காய வச்சு அவன் வாயில இழுக்கப் போயிட்டா. அப்பா இருந்தாவளோ, பொழச்சான்.

இன்பமணி: போதும் ரீபா.

ரீபா: போடும்மா. அண்ணன் ஆடட்டும். அதுல எழுதிட்டா நான் ஒன் பிள்ள இல்லன்னு ஆயிருமா... இரு, பேனா எடுத்துட்டு வாரேன்.

எலியேசர்: பாத்தியா, பிள்ளையே சொல்லுது. நீ என்னத்த யோசிக்க?

இன்பமணி: பைய பேசுங்க அண்ணாச்சி, உள்ள அவளுக்குக் கேக்கும்.

எலியேசர்: பெத்த மவனுக்காக ஒரே ஒரு பொய்ம்மா. ஆண்டவர் கோவிச்சுக்கிட மாட்டாரு.

இன்பமணி: பொய்யா இருந்தா இந்நேரம் போட்டிருப்பேன்.

எலியேசர்: ...என்ன சொல்லுத?

இன்பமணி: எங்க வீட்டுக்காரவுகளுக்கும் எனக்கும்தான் தெரியும். அவுக போய்ச் சேந்துட்டாவ. இப்போ ஒங்களுக்குத் தெரியும்.

எலியேசர்: ஏம்மா... நான் எதையோ நெனச்சு... பெனோவுக்கு?

இன்பமணி: தெரியாது. இத்தன வருஷம் மூடி வச்சத, அவ நீட்டுத பேனாவ வாங்கி என்னால எழுத முடியாது.

எலியேசர்: அப்போ பெனோ...

ரீபா: எம்மா, பேனா கெடச்சுட்டு. எங்கன போடணும்?

இன்பமணி: எங்கனயும் போட வேண்டாம்மா. அண்ணன் வீட்டுக்கு வந்துரட்டும். நீ பேனாவ இருந்த எடத்துலயே வை.