பால் கசிந்த மரம்

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைத் தேக்கு என்று சொல்லித்தான் உங்கள் அலுவலகத்தின் தலையில் கட்டியிருப்பார்கள். அது வாகை ஐயா. வருத்தப்பட ஒன்றுமில்லை, வாகையும் நன்றாகவே உழைக்கும். கண்ணில் பட்டதும் வாயில் வந்துவிட்டது, தொழில் புத்தி.

எனக்கு விறகுக்கடை. இலையும் பட்டையுமாக வந்தால் என்ன மரம் என்று யாரும் சொல்லிவிடலாம். வெறும் கட்டையாக வந்து விழும்போதுதான் ஆள் தேவைப்படுகிறான். தூக்கினால் கனம் சொல்லும், கோடாலி இறங்குகிற விதம் சொல்லும். சவுக்கு வம்பு பண்ணாமல் நேராகப் பிளந்துகொள்ளும். புளி நாரை முறுக்கிக்கொண்டு கோடாலியைக் கவ்விப் பிடிக்கும், ஆப்பு இறக்காமல் விடாது. வேம்பைப் பிளந்தால் தொண்டைவரைக்கும் கசக்கும். செங்கல் சூளைக்காரரும் ரொட்டிக்கடைக்காரரும் என் வாயைப் பார்த்துத்தான் லோடு எடுத்தார்கள். நான் ஒரு பேரைச் சொன்னால் அந்த மரத்துக்கு அதுதான் பேர்.

மாப்பிள்ளை என் மகள் தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்டவர். மரம் அறுக்கும் மில்லில் இருந்தார். மில்லை மூடியதும் நானேதான் கூப்பிட்டுக் கடையில் வைத்துக்கொண்டேன். கடைக்குப் பின்னாலேயே வீடு, எல்லாரும் ஒன்றாகத்தான் இருந்தோம். அவரைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். குடி கிடையாது, என் மகள் முகம் வாட விட்டதில்லை. நானும் அவரை மரியாதை குறைத்து ஒரு வார்த்தை பேசியதில்லை. கடைசிவரைக்கும் வாங்க, போங்கதான். யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள்.

அவரிடம் ஒரே ஒரு பழக்கம். நான் ஒரு மரத்தின் பேரைச் சொன்னால் கட்டையை ஒரு தரம் புரட்டிப் பார்ப்பார். அப்புறம் தலையைச் சொறிந்துகொண்டு, "மாமா, இது தூங்குமூஞ்சி மாதிரியில்ல தெரியுது?" என்பார். நான் வாகை என்று சொல்லி முடித்த கட்டையை. பிளந்து பார்த்தால் அவர் சொன்னதாகத்தான் இருக்கும். குரலை மட்டும் உயர்த்த மாட்டார். உயர்த்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், மாமனாருக்கும் மருமகனுக்கும் வாய்த்தகராறு என்று அதோடு போயிருக்கும். மெதுவாகப் பேசுகிறவன் சொல்வதைத்தான் ஜனங்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார்கள்.

சுமை ஏற்றுகிறவர்கள் அவருக்கு வாத்தியார் என்று பேர் வைத்தார்கள். அதில்கூட எனக்கு ஒன்றுமில்லை. ஒருநாள் ரொட்டிக்கடைக்காரர் வந்து, வாத்தியார் இல்லையா என்று என்னிடமே கேட்டார். சாப்பிடப் போயிருக்கிறார் என்றேன். அவர் காத்திருந்தார் ஐயா. நான் குத்துக்கல்லாக எதிரே உட்கார்ந்திருக்கிறேன், அவர் வாத்தியாருக்காகக் காத்திருந்தார்.

அப்புறம் அந்த நாள். உப்பங்கழி ஓரத்தில் வெட்டியது என்று ஒரு லோடு வந்து இறங்கியது. பச்சை மரம். பட்டை பாதி உரிந்திருந்தது, வெட்டுவாயில் பால் கசிந்தது, உள்ளே வெளுப்பு, கனம் இல்லை. அத்தி என்றேன். காயப்போட்டு அனுப்புகிறேன், அடுப்புக்கு ஆகும் என்று பக்கத்தில் நின்ற ரொட்டிக்கடைக்காரரிடம் சொன்னேன். மாப்பிள்ளை வந்தார். கட்டையைத் தொடாமல் குனிந்து பார்த்தார்.

"மாமா, இது அத்தி இல்ல. தில்லை. இந்தப் பால் கண்ணுல பட்டா பார்வை போயிடும். எரிச்சா புகையும் ஆகாது. அடுப்புல நிக்கிறவங்க பாவம்."

ரொட்டிக்கடைக்காரர் கையை உதறிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்லவேளை, தெரிந்த ஆள் ஒருவரையாவது கடையில் வைத்திருக்கிறீர்கள் என்றார். அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மத்தியானம் ஆட்கள் சாப்பிடப் போனதும் மாப்பிள்ளையைக் கொட்டகைக்குக் கூப்பிட்டேன். ஒருவர் அத்தி என்கிறார், ஒருவர் தில்லை என்கிறார். சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்ப்பதுதானே முறை? கட்டையில் புதிதாக வெட்டுப்போட்டு, வடிந்த பாலை டின் மூடி ஒன்றில் பிடித்து வைத்திருந்தேன். மோட்டார் ரம்பத்தையும் ஓட விட்டிருந்தேன், அது ஓடினால் வெளியே வேறு சத்தம் கேட்காது. வாசனை பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். நல்ல பிள்ளை, உடனே குனிந்தார். முடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தி, பாலைக் கண்ணில் ஊற்றினேன். இமையை இறுக்கிக்கொண்டார். விரல் விட்டுத் திறக்க வேண்டியிருந்தது.

தரையில் விழுந்து, கையில் கிடைத்த மரத்தூளை அள்ளி முகத்தில் தேய்த்தார். அப்படிச் செய்யாதீர்கள், இன்னும் எரியும் என்று சொன்னேன். தண்ணீர்க் குடம் பக்கத்தில்தான் இருந்தது. அவர் கை அதைத் தேடி வந்தபோது காலால் கொஞ்சம் தள்ளி வைத்தேன். முதலில் பதில் வரட்டும் என்றுதான்.

"அத்தின்னு சொல்லுங்க மாப்பிள்ளை. தண்ணி தரேன்."

"தில்லை மாமா," என்றார். "தில்லைதான் மாமா. தண்ணி குடுங்க."

அதை நான் அப்போது திமிர் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், அந்த மனிதருக்குப் பொய் சொல்ல வரவில்லை, அவ்வளவுதான். விறகு பிளக்கும் அடிக்கட்டையைத் தடவிப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. தலை அதன்மேலேயே சாய்ந்துவிட்டது. பார்வை போனவர், இனி காலமெல்லாம் என் மகள் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். பெற்றவன் அதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? கோடாலியை எடுத்தேன். முதல் அடி தவறித் தோளில் இறங்கிவிட்டது. உருவினேன். அடுத்ததற்குக் காலை அகட்டி ஊன்றிக்கொண்டேன். அது கழுத்தில் விழுந்தது. போதும் என்று தெரிந்த பிறகும் இன்னும் சில அடி போட்டேன். பாதி பிளந்ததை அப்படியே விடுவது எனக்குப் பழக்கமில்லை.

ரம்பத்தை நிறுத்தினேன். சாப்பிடக் கூப்பிட மகள் வந்தாள். புருஷன் கிடந்ததைப் பார்த்தாள், டின் மூடியைப் பார்த்தாள், கட்டையில் வடிந்துகொண்டிருந்த பாலைப் பார்த்தாள். காலையில் நடந்ததை அவர் அவளிடம் சொல்லியிருப்பார் போலிருக்கிறது.

"அவர் சொன்னது சரிதானேப்பா?"

பெற்ற அப்பனிடம் அவள் கேட்டது அதுதான். எனக்கு அதில்தான் மனத்தாங்கல். இல்லம்மா, அத்திதான் என்றேன். அவள் நேரே கட்டையருகே போனாள். பாலை விரலில் தொட்டாள். தொட்ட விரலைத் தன் கண்ணுக்குக் கொண்டுபோனாள்.

நான் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். குடத்தை இழுத்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் அவள் கையில் ஊற்றிக் கழுவினேன், என் சட்டையாலேயே அழுத்தித் துடைத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன்பிறகு என்னிடம் பேசவில்லை. பேசுவாள், கொஞ்ச நாள் போகட்டும்.

மாப்பிள்ளையைக் கொன்றது நான்தான். அதில் ஒளிவுமறைவில்லை, எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். மரத்தைப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னீர்கள். வீண் அலைச்சல் ஐயா. அத்தி என்றே எழுதிக்கொள்ளுங்கள்.