தவிடு வரும்வரை

— யோகண்ணே, தவிட்ட மறந்துட்டேன்.

— டேய் வசந்தா. புள்ளய சாமி முன்னால எங்க கையில குடுத்தாச்சு. பூசாரி மணி அடிச்சுட்டு உள்ள போயாச்சு. இப்ப வந்து சொல்ற?

— அலாமாக், ஐயோ, சத்தம் போடாதண்ணே. லோகா கார்ல இருக்கா. தவிட்டக் குடுத்துத் திருப்பி வாங்குற வரைக்கும் பெத்தவ புள்ள மொகத்தப் பாக்கக் கூடாதாம். எட்டி எட்டிப் பாக்குறா.

— பால் குடுத்தாளா தம்பி?

— கோயிலுக்குள்ள தூக்கிட்டு வர்றதுக்கு முன்னாலதான் குடுத்தா அண்ணி. கொஞ்ச நேரம் தாங்கும். மோட்டார் சைக்கிள எடுத்துக்கிட்டு பாடாங் செராய் டவுன் வரைக்கும் போய்த் தேடிட்டு வந்துர்றேன்.

— கெடைக்கலன்னா ஓட்ஸ் வாங்கிட்டு வாடா.

— ஓட்ஸா?

— ரெண்டும் தானியந்தானே. சாமிக்கு என்ன பயாலஜியா தெரியும்? ஒரு பிடி எதையாச்சும் குடு, புள்ளயத் தூக்கிட்டுப் போ. எனக்கு அஞ்சு மணிக்கு டியூஷன் இருக்கு.

— பூசாரி ஒத்துக்குவாரா?

— அதாவது, உன் மொத ரெண்டு புள்ளைங்க மாதிரி இதுவும் தங்காமப் போயிரக் கூடாதுன்னு எமனுக்கு அட்ரஸ் மாத்திக் காட்டுறோம். இது உன் புள்ள இல்ல, என் புள்ளன்னு. அத நம்புற எமன் ஓட்ஸத் தவிடுன்னு நம்ப மாட்டானா? போடா.

— சரி லா. அண்ணி, பாத்துக்குங்க.

— நீ போயிட்டு வா தம்பி.

— போயிட்டான். புஷ்பா, குடு, நான் வெச்சிக்கிறேன்.

— ஏன்? எனக்குக் கை வலிக்கல.

— அதுக்கில்ல. நீ ரொம்ப நேரம் வெச்சிருந்தா...

— வெச்சிருந்தா?

— அப்புறம் குடுக்கக் கஷ்டமா இருக்கும். உன் நல்லதுக்குச் சொல்றேன்.

— ஆமாமா. இந்தாங்க. தலையத் தாங்கிப் புடிங்க. பரீட்சைப் பேப்பர் கட்டு இல்ல.

— தெரியும். இருபது வருஷத்துக்கு மேல இனப்பெருக்கம் பாடம் நடத்துறேன்.

— படம் போட்டு.

— படம் போட்டு, பாகங்களக் குறிச்சு. செய்முறைத் தேர்வுலதான் ஃபெயிலு.

— வாத்தியாரே, கோயில்ல உக்காந்திருக்கோம்.

— போன வாரம் பிரேமாவதின்னு ஒரு பொண்ணு, ஃபார்ம் ஃபோர். உயிருள்ளதுக்கு என்ன அடையாளம்னு நடத்திட்டிருந்தேன். சுவாசிக்கணும், சாப்புடணும், வளரணும், இனம் பெருக்கணும். கையத் தூக்கி, சார், இனம் பெருக்கலன்னா அது உயிருள்ளது இல்லயான்னு கேட்டுச்சு.

— பாவம், தெரியாமக் கேட்டிருக்கும்.

— தெரியாமதான். பக்கத்துல இருந்தது தொடையில கிள்ளுச்சு. அப்பதான் இதுக்கு உறைச்சுது.

— நீங்க என்ன சொன்னீங்க?

— அதாவது, அது இனத்துக்குச் சொன்னது, தனி ஆளுக்கு இல்ல. கோவேறு கழுதைக்குக் குட்டி பொறக்காது. ஆனா உதைக்கும். உசுரோடதான் இருக்குன்னேன்.

— உங்களையே கழுதைன்னுட்டு வந்திருக்கீங்க.

— கோவேறு கழுதை. கொஞ்சம் கௌரவமானது.

— சரி, நானும் கேக்குறேன். எதுக்குத்தான் எல்லாம் குட்டி போடுது?

— எதுக்குமில்ல. அதாவது, எப்பவோ ஒரு சுடுதண்ணிக் குட்டையிலயோ, கடலடியிலயோ, எங்கன்னு இன்னும் சரியாத் தெரியல, ஒரு சின்னத் துணுக்கு தன்னையே ஒரு நகல் எடுத்துச்சு. எங்க ஸ்கூல் போட்டோஸ்டாட் மாதிரி, கொஞ்சம் கோணலா. அந்த நகல் இன்னொண்ணு எடுத்துச்சு.

— யாரு எடுக்கச் சொன்னா?

— யாரும் சொல்லல. எடுக்காததெல்லாம் அங்கயே கரைஞ்சு போச்சு. எடுத்தது மிஞ்சிச்சு. அந்த மிச்சந்தான் எறும்பு, செம்பனை மரம், நம்ம வசந்தன்.

— அதுக்கு மாமியார் கெடையாது. தீபாவளிக்குத் தீபாவளி விசேஷம் ஏதும் உண்டான்னு யாரும் கேக்கல. அப்படியும் பெத்திருக்கு.

— அதான் ஆச்சரியம். அந்தத் துணுக்குலேர்ந்து எங்கப்பா வரைக்கும் ஒருத்தர்கூட ஃபெயில் ஆகல புஷ்பா. புழு பாஸ். மீனு பாஸ். குரங்கு பாஸ். கப்பல்ல வாந்தி எடுத்துக்கிட்டு வந்த எங்க கொள்ளுத் தாத்தா பாஸ். கோடிக் கோடி வருஷமா அறுபடாம வந்த கயிறு. எங்கிட்ட வந்து டிகிரி வாங்குச்சு, நின்னுருச்சு.

— என் கயிறு?

— உன்னதுந்தான். ரெண்டும் ஒரே வீட்ல வந்து முடிஞ்சுது.

— நல்லதாப் போச்சு. இல்லன்னா ரெண்டு வீடு கெட்டிருக்கும்.

— உனக்கு வருத்தமே இல்லயா?

— இருந்துச்சு. பினாங்குல டாக்டர் கடைசியா இல்லன்னு சொன்னப்ப, திரும்பி வர்ற வழியெல்லாம் அழுதேன். நீங்க ஸ்டியரிங்கப் புடிச்சிக்கிட்டு, கடலாமை ஒரு தடவைக்கு எத்தன முட்ட இடும்னு சொல்லிட்டே வந்தீங்க.

— உன்னச் சிரிக்க வைக்கலாம்னு.

— தெரியும். நான் அழுது முடிச்சிட்டேன். நீங்க இன்னும் ஆமையிலயே இருக்கீங்க.

— ஷ்ஷ். இங்க பாரு. வெரலப் புடிச்சிட்டான்.

— புடிச்சிட்டானா?

— ஒண்ணுமில்ல. அதாவது, இது அனிச்சைச் செயல். எதக் குடுத்தாலும் புடிக்கும். குரங்குக் குட்டி தாய் ரோமத்தப் புடிச்சிக்கிட்ட பழக்கம். பாசம் கீசம்னு நெனச்சிராத.

— நான் நெனைக்கல.

— பென்சிலக் குடுத்தாலும் இப்படித்தான் புடிப்பான்.

— பையில பென்சில் இருக்கு. எடுக்கவா?

— எதுக்கு? தூங்குற புள்ளய எழுப்பிக்கிட்டு.

— சரி.

— கட்ட வெரலப் பாரேன். எங்கப்பாவோடது. அதே சப்ப நகம்.

— போட்டோஸ்டாட்.

— ம். கணக்குப் பாத்தா, கூடப் பொறந்தவன் புள்ள, இவன்ல கால்வாசி நான்.

— அப்ப கால் மார்க் போட்டுக்குங்க.

— கால் மார்க்குல யாரு பாஸ் போடுவா?

— மோட்டார் சத்தம் கேக்குது. வந்துட்டான் போல.

— அதுக்குள்ளயா?

— அண்ணே! ஊரெல்லாம் சுத்திட்டேன். தவிடு எங்கயும் இல்ல. மினி மார்க்கெட்ல கேட்டா சிரிக்கிறான். இந்தா, ஓட்ஸ். பெரிய டின்னு.

— நல்லது தம்பி. பூசாரியக் கூப்புடு, ஒரு பிடி கொட்டி முடிச்சிரலாம். லோகா பாவம். என்னங்க, புள்ளயக் குடுங்க.

— இரு. வெரலப் புடிச்சிருக்கான்ல.

— அவன் விட்டு ரொம்ப நேரமாச்சு.

— என்னண்ணே, அப்படியே உக்காந்திருக்க?

— இது என்னடா வசந்தா?

— ஓட்ஸ்ணே. நீதானே வாங்கச் சொன்ன.

— நான் ஆயிரம் சொல்லுவேன். தவிடுன்னா தவிடு. சாமி காரியத்துல அரைகுறை வேலை கூடாது.

— சாமிக்குப் பயாலஜி தெரியாதுன்னியே?

— எனக்குத் தெரியும்ல. ஓட்ஸ் வேற, நெல்லு வேற. அலோர் ஸ்டார் பக்கம் போ. அங்க நெல்லு மில்லு இருக்கு. நெல்லுத் தவிடா வாங்கிட்டு வா.

— அலோர் ஸ்டாரா? போயிட்டு வர இருட்டிரும்ணே. அஞ்சு மணிக்கு உனக்கு டியூஷன் வேற.

— டியூஷன் கெடக்கு. நீ மோட்டார மெதுவா ஓட்டிட்டுப் போ.